புதன்கிழமைச் சட்டி

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுக்கு உப்பில்லாக்கா என்று பேர். தட்டு வண்டி தள்ளுகிற அட்டெண்டர் ஒரு நாள் வாய்க்கு வந்தபடி வைத்த பேர். பத்தொன்பது வருஷத்தில் சம்பளச் சீட்டில் இருக்கிற பேரையே அது விழுங்கிவிட்டது. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்த்தாள்.

சமையற்கட்டு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆவியை வெளியே தள்ள ஒரு மின்விசிறி மட்டும் சுவரின் உச்சியில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். வெளியே வெயிலா மழையா என்பது மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு டயட்டீஷியன் அம்மா இறங்கி வந்து அன்றைய சார்ட்டைச் சுவரில் ஒட்டுவார். மஞ்சள் தட்டு சர்க்கரைக்காரர்களுக்கு, நீலத் தட்டு சிறுநீரகக்காரர்களுக்கு, வெள்ளைத் தட்டு ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களுக்கு. மூன்றிலும் போவது ஏறக்குறைய ஒன்றுதான். குழைய வெந்த சோறு, குழைய வெந்த சுரைக்காய், தண்ணீரைப் போல ஒரு பருப்பு. உப்பு ஒரு தகர டப்பாவில் பூட்டி இருக்கும். சாவி டயட்டீஷியன் அம்மாவின் கழுத்துப் பட்டையில் தொங்கும்.

போன தட்டுகளில் பாதி அப்படியே திரும்பி வரும்.

"அக்கா, பன்னெண்டாம் நம்பர் பெட்டு உங்களை நேர்ல பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார்" என்பார் அட்டெண்டர்.

"எதுக்குப்பா?"

"பாராட்டத்தான்னு நெனச்சீங்களா? கையில தட்டை வெச்சுக்கிட்டுக் குறி பாத்துக்கிட்டு இருக்கார்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த கொப்பரையைக் கிளறப் போய்விடுவாள். நோயாளிகள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. அவர்கள் பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதே கொப்பரையிலிருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இங்கேயே இருக்கப் போவது அவள்தான். ஊழியர்கள் கேன்டீனுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். அங்கே தாளிக்கலாம், வதக்கலாம், காரம் போடலாம். மூன்று தடவையும் டயட்டீஷியன் அம்மா அவள் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி சுத்தமாச் சமைக்க எனக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிக் காகிதத்தை மேஜைக்குள் போட்டுக்கொண்டார். வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தவள் தன் கெட்டிக்காரத்தனத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள்.

சரி, வீட்டிலாவது நாக்குக்கு ருசியாகச் சாப்பிட்டாளா என்றால், அதுதான் இல்லை.

அவள் புருஷன் ஜிப் மாற்றுகிற வேலை செய்பவர். பை, பெட்டி, கால்சட்டை, எதன் ஜிப் பிய்ந்தாலும் அந்தத் தெருவே அவரிடம்தான் வரும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் நேராகத் தெரியும். நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்ததில்லை. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் அவருடைய அண்ணன், சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இவர்.

அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. அவர் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, குதிரை மாதிரி திடமாக ஓடுகிறது என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் நம்பியது டாக்டர்களை அல்ல, பெண்டாட்டி வேலை செய்கிற சமையற்கட்டை. "ஆஸ்பத்திரியில என்ன சமைக்கிறியோ அதையே வீட்லயும் சமை. அதுல ஆபத்து இல்ல" என்றார். மிளகாய்த்தூள் போனது, ஊறுகாய் போனது, எண்ணெய்ப் புட்டி சின்னதாகிக் கடைசியில் கண் மருந்துப் புட்டி அளவுக்கு வந்து நின்றது. தனக்கு மட்டும் என்று இருந்தாலும் பரவாயில்லை. "நீயும் அதையே சாப்பிடு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கண்கலங்கிக் கேட்கிறவரிடம் எந்த வாயால் சண்டை போடுவது? கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன மகள், விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு காரப் பொட்டலத்தை ஒளித்துக் கொண்டு வருவாள். அம்மாவும் மகளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, திருட்டுப் பூனைகள் மாதிரி நின்றபடி தின்பார்கள்.

மகள் போன பிறகு குளியலறை மறுபடியும் குளியலறையாகிவிடும்.

மதியம் இரண்டரைக்கு அவள் வேலை முடியும். இரண்டு ஐம்பத்தைந்துக்குப் பஸ். மூன்றரைக்கு அவள் இறங்குவதை அவர் ஜன்னலிலிருந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான் கஞ்சி அடுப்பைப் பற்ற வைப்பார். வேலை முடிவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவில் இருக்கும் இருபத்தைந்து நிமிஷத்தை அவள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்து கழிப்பாள். அந்த ஒரு துண்டு நேரத்துக்குத்தான் யாரும் சார்ட் போடவில்லை.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் காலியாகக் கிடந்த வண்டி நிறுத்துமிடத்தைப் புதன்கிழமைகளில் விவசாயிகள் சந்தைக்கு விட்டார்கள். முதல் இரண்டு புதன் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வேண்டிய சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் அவரே கீழே வண்டிக்காரரிடம், நகத்தால் கீறிப் பார்த்து, வாங்கி வைத்துவிடுவார். மூன்றாவது புதன், பெஞ்சுக்குப் போகிற வழியில் ஒரு வாசனை அவளைப் பிடித்து நிறுத்தியது. சோம்பு வாசனை. ஆனால் டப்பாவில் காய்ந்து கிடக்கிற சோம்பு இல்லை, உயிரோடு இருக்கிற சோம்பு.

வாசனையின் பின்னாலேயே போனாள். கடைசி மேஜை. மற்ற மேஜைகளில் கூட்டம் அம்மியது. இங்கே ஈ காக்கை இல்லை. மேஜையில் கிடந்த எதுவும் அவள் பார்த்த காயாக இல்லை. கை முஷ்டி அளவுக்கு வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காக ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்த மாதிரி ஒரு குமிழ். அதன் தலையில் மயிலிறகை விடவும் மெல்லிசாகப் பச்சை இலை.

"இது என்ன காய்ங்க?"

மேஜைக்குப் பின்னால் இருந்த தோட்டக்காரம்மாவுக்கு இவள் வயதுதான் இருக்கும். தொண்டை மட்டும் நாலு பேருக்கு உண்டானது. "என் தம்பி எங்கெங்கோ இருந்து விதை அனுப்பினான்க்கா. போட்டேன், வந்துச்சு. பேர் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை எப்படித் தின்னணும்னு யாராவது சொன்னாப் போதும்."

"நீங்க சமைச்சுப் பாக்கலையா?"

"நானா? நான் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்கும். எனக்கு வளக்கத்தான் தெரியும்."

அவள் ஒரு குமிழை எடுத்து மூக்கருகே வைத்தாள். வாயில் எச்சில் ஊறியது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஏதோ சின்னப் பெண் மாதிரி. ஒரு அடுக்கைப் பிய்த்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்து, தண்ணீராகி, இனிப்பா காரமா என்று தெரியாத ஒரு குளிர்ச்சி தொண்டை வரை போனது.

வாங்கிக்கொண்டு போக முடியாது. பையை அவர் வாசலிலேயே வாங்கி உள்ளே பார்ப்பார், சந்தேகத்தில் இல்லை, பாரம் சுமக்கக்கூடாது என்று. ஆஸ்பத்திரியிலும் சார்ட்டில் இல்லாத பொருளுக்குக் கதவு திறக்காது. இரண்டு சமையற்கட்டு வைத்திருந்தவளுக்கு ஒரு காயை வதக்க இடமில்லை.

தோட்டக்காரம்மாவின் காலடியில், டீ போடுகிற ஒற்றை அடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் இருந்தன.

"அந்தச் சட்டி யாருதுங்க?"

"என்னுதுதான். கத்திரிக்காய் சுட்டேன், கரியாப் போச்சு. தேய்ச்சு வெச்சிருக்கேன்."

"எண்ணெய் இருக்கா? உப்பு?"

"மதியச் சாப்பாட்டுப் பையில மொளகாத்தூள்கூட இருக்கு. என்னக்கா பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணப் போகிறோம் என்று அவளுக்கும் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது. குமிழை இரண்டாகப் பிளந்து, அடியைக் கொஞ்சம் விட்டுத் துண்டு போட்டாள், அடுக்கு கலையாமல் நிற்க. எண்ணெய் காய்ந்ததும் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாக வைத்தாள். சுர்ரென்ற சத்தம் கேட்டு அவள் மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கொப்பரையில் எதுவும் சுர்ரென்காது. அங்கே எல்லாம் கொளகொளவென்றுதான் பேசும். ஓரம் பொன்னிறமாக மாறியபோது திருப்பினாள். உப்பைக் கையால் எடுத்தாள். டப்பாவும் இல்லை, சாவியும் இல்லை, கிராம் கணக்கும் இல்லை. விரல் இடுக்கிலிருந்து அது உதிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இருவரும் சட்டியிலிருந்தே எடுத்து ஊதி ஊதித் தின்றார்கள். தோட்டக்காரம்மா இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள். பிறகு, "நான் இதையா போன வாரம் மாட்டுக்குப் போட்டேன்?" என்றாள்.

இரண்டு ஐம்பத்தைந்து பஸ்ஸை ஓடிப் பிடித்தாள். பஸ்ஸில் தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்து ஜன்னல் வழியாகத் துப்பினாள். மூன்றரைக்கு இறங்கினாள். மேலே ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஆறு நாள்தான் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று சொல்லவேண்டும். புதன்கிழமை உடம்பு மட்டும் கொப்பரையைக் கிளறும். அடுத்த வாரம் ஒரு கிழங்கு. மண்ணில் உருண்ட கல் போல, கன்னமெல்லாம் வேர்த் தாடியோடு அவ்வளவு அவலட்சணம். தோலைச் சீவினால் உள்ளே தந்தம் மாதிரி. துருவி வதக்கினாள், வேண்டாத ஒரு மருந்து வாடை வந்தது. பட்டை பட்டையாகச் சீவி முறுக வறுத்தாள், தேவலை என்று ஆனது. இன்னொரு வாரம், உள்ளே ரத்தச் சிவப்பில் வளையம் வளையமாக ஒரு முள்ளங்கி. எல்லாமே தேறவில்லை. ஒரு கீரை காடியை விடப் புளித்து, தோட்டக்காரம்மா அரை மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். ஆனால் சட்டி சுர்ரென்றதும் சந்தைக்கு வந்தவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். "இதை எப்படிம்மா செஞ்சீங்க?" என்று யாரோ ஒருத்தி கேட்டபோது, பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான் என்பது உறைத்து, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கேட்டவளிடம் நீட்டினாள்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறைப்பதற்கு அவள் புதுசில்லை என்றாலும், பயமும் இல்லாமல் இல்லை. கஞ்சியை அவர் எதிரே உட்கார்ந்து குடிக்கும்போது, ஒவ்வொரு வாயும் முன்னைவிடச் சப்பென்று இருந்தது. முன்பு நாக்கு செத்துக் கிடந்தது, வலி தெரியவில்லை. இப்போது உயிர் வந்துவிட்டதால்தான் தொல்லை.

ஏழாவது வாரம் தோட்டக்காரம்மா மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். பெரிய மொட்டு. செதில் செதிலாக, ஒவ்வொரு செதிலின் நுனியிலும் ஒரு முள். "இதுக்கு மட்டும் உங்களால ஆகாதுக்கா. பந்தயம்."

கத்தி இறங்கவில்லை. வதக்கிப் பார்த்தாள், கட்டை மாதிரி நின்றது. சட்டியில் தண்ணீரை ஊற்றி மூடி வேகவைத்தாள். மணி இரண்டு ஐம்பது. இன்னும் வேகவில்லை. ஒரு செதிலை இழுத்தாள், வரமாட்டேன் என்றது. பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, புறப்படுகிற சத்தம் கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வேண்டுமென்றே செய்தாளா என்று பிறகு அவளே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்டாள். இல்லை, வெந்து முடியட்டும் என்றுதான் நின்றாள். அவ்வளவுதான்.

மூன்றேகாலுக்கு ஒரு செதில் கையோடு வந்தது. அடியில் நகக்கண் அளவுக்குச் சதை. அதைப் பல்லால் வழித்துத் தின்பதுதான் வழி என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே போகப் போகச் சதை கூடியது. காரம் கலந்த எண்ணெயில் தோய்த்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கைப்பை மேஜைக்கு அடியில், கோணியின் கீழே இருந்தது. அதற்குள் போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது யாருக்கும் கேட்கவில்லை.

நாலு மணி தாண்டிப் பத்து நிமிஷம் ஆனபோது அவர் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. காதிடுக்கில் துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டி. இரண்டு காலிலும் இரண்டு விதச் செருப்பு. வாடகை வண்டி பிடித்து வந்திருக்கிறார், அந்த மனிதர் தெருவைத் தாண்டுவதே மாதம் ஒரு தடவைதான்.

"எமர்ஜென்சியில போய்க் கேட்டேன்" என்றார். "உன்ன மாதிரி யாரையாவது கொண்டாந்தாங்களான்னு... ஒவ்வொரு படுக்கையா காமிச்சாங்க. அப்புறம் தட்டு வண்டிக்காரர்தான் இந்தப் பக்கம் கை காட்டினார்."

"ஏங்க... பஸ்ஸை விட்டுட்டேன்" என்றாள். வாயில் ஒரு துண்டு இருந்தது. உதட்டில் எண்ணெய் பளபளத்தது.

அவர் பார்வை அங்கேயே நின்றது. "என்ன சாப்பிடறே?"

"பேர் தெரியல."

"பேர் தெரியாததையா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையைக் குவித்து அவள் மோவாய்க்குக் கீழே நீட்டினார், குழந்தைக்கு நீட்டுவதுபோல. "துப்பு. துப்பிடும்மா."

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவருடைய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது. துப்பினாள்.

அதை அவர் தன் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்டலாம் என்று.

அதற்குப் பிறகு அவர் தினமும் இரண்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். பிய்ந்த ஜிப்புகளெல்லாம் வீட்டில் குவிந்தன. திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வார். இருவரும் பெஞ்சில் உட்காருவார்கள். அந்த இருபத்தைந்து நிமிஷமும் போயிற்று. புதன்கிழமைகளில் சந்தையின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தோட்டக்காரம்மா அட்டெண்டரிடம், "அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அனுப்பினாள். அவள் பதில் அனுப்பவில்லை. துப்பியதை எல்லாரும் பார்த்தார்களே, அந்த முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

ஐந்து புதன் இப்படிப் போனது. ஆறாவது புதன், மதியம் நீலத் தட்டுக்குச் சுரைக்காயை நறுக்கிக்கொண்டே அழுதாள். சத்தமில்லை. கை நிற்கவும் இல்லை. நறுக்கி முடித்து, கொப்பரையில் போட்டு, முகம் கழுவிக்கொண்டு, இரண்டரைக்கு மேலே ஏறினாள்.

வாசலில் அவர் கைப்பைக்காகக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நேராகப் பின்புறம் நடந்தாள்.

"எங்க போறே? பஸ் வந்துடும்."

"நீங்களும் வாங்க" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டக்காரம்மா மேஜையோரம் ஒதுங்கி இடம் விட்டாள். சட்டியை அடுப்பில் வைத்தாள். அந்த வெள்ளைக் குமிழ் காலம் முடியப் போகிறதாம், கடைசியாக நாலே நாலு கிடந்தன. அவள் பிளந்தாள், வைத்தாள், திருப்பினாள், உப்புப் போட்டாள். அவர் ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு துண்டை வாயில் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க" என்றாள், மென்றுகொண்டே. "அண்ணன் சாப்பிட்டதாலயா போனாரு? நேரம் வந்துச்சு, போனாரு. நான் பதினோரு வருஷமாப் போகாமலே போனவளாட்டம் இருக்கேன். உங்களுக்குக் கஞ்சி வெக்கறேன், கடைசி வரைக்கும் வெக்கறேன். புதன்கிழமை மட்டும் எனக்கு விடுங்க."

அவர் மறுபடியும் கூடையில் உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாளா, மூச்சு வருகிறதா, வியர்க்கிறதா என்று. தின்று முடித்தாள். ருசி இருந்தது, ஆனால் பாதிதான் இருந்தது. ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முழுசாக எப்படி இருக்கும்?

அடுத்த இரண்டு வாரமும் அவர் வந்து கூடையில் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், காலையில் செருப்பை மாட்டும்போது அவள் சொன்னாள், "இன்னைக்கு வராதீங்க. நாலு மணி பஸ்ஸுல வர்றேன்." அவர் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தலை அசைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வரவில்லை. இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போன் வந்தது.

"ஏறிட்டியா?"

"இல்லங்க. சாப்பிடப் போறேன். நாலு மணிக்கு ஏறுவேன்னு சொன்னேன்ல."

"சரி" என்றார். ஆனால் வைக்கவில்லை.

அவளும் வைக்கவில்லை. வைக்கச் சொன்னால் வைத்திருப்பார், பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருப்பார். போனை மேஜையில், அந்தத் தாடிக்காரக் கிழங்குகளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். தோட்டக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, வழக்கமான நாலு பேர் தொண்டையை ஒரு ஆள் தொண்டையாகக் குறைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் தாழ்ந்த குரலில் பேசியபடி வறுத்ததை எடுத்துத் தின்றார்கள். போனில் அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கறுக்முறுக்கென்று அவள் மெல்லுவது அங்கே கேட்டிருக்கும்.

மூன்றரைக்கு ஒரு தடவை அவர், "இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள், இன்னொரு துண்டை எடுத்தபடி.